வாய்தா நாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்

பெண்களுக்கான வளர்ச்சித் திட்டங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் திட்ட அறிக்கையோடு சோளிங்கருக்கு வரும்போது என்னையும் வந்து பார்ப்பதுண்டு. கறவை மாட்டுக்கும் தையல் மெஷினுக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும். ‘பெண்களுக்கான நீதி’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரே வரி: சட்ட விழிப்புணர்வு முகாம், நான்கு. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். எண் போட்டிருப்பது நீங்கள் தேடிப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். எது முதல், எது கடைசி என்பதை உங்கள் ஊர் முடிவு செய்யும்.

1. முதலில் தூரக் கணக்குப் போடுங்கள்.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது சோளிங்கர் ராணிப்பேட்டையோடு சேர்ந்தது. அதுவரை கலெக்டரையோ எஸ்.பி.யையோ பார்க்க வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். இப்போது ராணிப்பேட்டை, முப்பதுக்குள் அடங்கிவிடும். அதைப் பெண்கள் நலத் திட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போய்விட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு திரும்ப முடிந்த பெண்ணைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வாள்.

உங்கள் திட்டப் பகுதியில் உள்ள ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு தாள் போடுங்கள். அந்த ஊர் எந்தக் காவல் நிலையத்தில் சேர்ந்தது, அனைத்து மகளிர் காவல் நிலையம் எங்கே, எந்த மாஜிஸ்திரேட் கோர்ட், வட்ட சட்டப்பணிகள் குழு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் எங்கே உட்காருகிறார், ஒருங்கிணைந்த சேவை மையம் எது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே போகும் பேருந்து, திரும்பும் கடைசிப் பேருந்து இரண்டின் நேரமும் வேண்டும். கூகுளை நம்பாமல் ஒருமுறை நீங்களே போய் வாருங்கள். சோளிங்கர் ரயில் நிலையம் சோளிங்கரில் இல்லை, பாணாவரத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் இறங்கிவிட்டு ஆட்டோ தேடும் ஆலோசகர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இருக்கிறது.

2. இது எல்லையோர ஊர்.

சித்தூர், நகரி, புத்தூர் என்று ஆந்திரப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இங்கே காலங்காலமாக நடக்கிறது. அங்கே அடிபட்டு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணிடம், ‘சம்பவம் நடந்தது அங்கே, அங்கேயே போய் எழுதிக் கொடும்மா’ என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். அப்படி அனுப்ப வேண்டியதில்லை. கணவர் வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பி வந்த பெண், தஞ்சம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், எல்லை யாருடையது என்று பார்க்காமல் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது, ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று பேச்சில் சொல்வது அதைத்தான். இந்த இரண்டையும் ஒரு துண்டுத் தாளில் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்துக் களப்பணியாளர் பையில் வையுங்கள். எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசுவதைவிட அந்தத் தாளுக்கு வேலை அதிகம்.

3. வக்கீல் இலவசம், வாய்தா இலவசம் இல்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவு. பெண் என்றால் போதும், வருமானச் சான்று கேட்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். நல்ல சட்டம். ஆனால் கோர்ட்டுக்குப் போகும் பெண்ணின் செலவில் வக்கீல் ஃபீஸ் ஒரு பங்குதான்.

எங்கள் பக்கத்துப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் வருகிறது. ஒரு வேன் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷூ கம்பெனிக்கு, இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போகும். மாதத்தில் இரண்டு நாள் போகாவிட்டால் அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போகும். சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல வேண்டும்; ‘கோர்ட்டுக்கு’ என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள்.

கோர்ட் வராந்தாவைப் பாருங்கள். பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள் என்று ஒன்பதரைக்கே வந்து தூணோரம் நிற்பாள். இடுப்பில் சின்னது, கையில் கட்டைப்பை, பையில் ஒரு பன், பால் புட்டி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கல்யாணப் போட்டோ. எதிரே பத்தடியில் கணவன், அவன் அண்ணன், மாமியார். உட்கார ஒரே பெஞ்சு, அதில் அவர்கள். பன்னிரண்டரைக்குப் பெயர் வரும். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, அடுத்த வாய்தா மூன்று வாரம் கழித்து. குமாஸ்தா தேதியைச் சொல்லும்போது அவள் அதை எழுதிக்கொள்ளப் பேனா இருக்காது.

இது ஒரு நாள். ஒரு ஜீவனாம்ச வழக்குக்கு இப்படிப் பத்து நாள் என்று வைத்துக்கொண்டாலும் பத்து நாள் கூலி, இரண்டு பேருக்கு வழிச் செலவு, சாப்பாடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். மூன்றாவது நான்காவது வாய்தாவில் அவள் நின்றுபோவது தைரியம் இல்லாததால் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். அவள் கணக்குப் பார்த்துத்தான் நிற்கிறாள்.

ஆகவே ‘வாய்தா படி’ என்று பட்ஜெட்டில் ஒரு வரி போடுங்கள். இதற்கு முன்மாதிரி கிடையாது என்று நிதித் துறை ஆள் சொன்னால், வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 11 என்று சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பட்டியலினத்தவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படி, தினப்படி எல்லாம் அரசே கொடுக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. நாட்டில் ஒரு சட்டம் ஒப்புக்கொண்ட செலவை உங்கள் திட்டமும் ஒப்புக்கொள்ளலாம்.

4. முகாம் வைத்தே தீருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

வேலை நாள் காலை பதினொரு மணிக்கு ஊராட்சி மன்றக் கட்டடத்தில் வைத்தால் வருவது பாட்டிகளும் அங்கன்வாடி ஊழியரும்தான். போட்டோவில் கூட்டம் தெரியும்.

5. குழு விதிகளைத் திறந்து படியுங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை.

1989இல் தருமபுரியில் ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1997 முதல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் படிப்படியாக மாநிலமெங்கும் பரவியது. பேங்க் படி ஏறாத பெண்ணை மேனேஜர் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தது அந்தக் குழுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அதே குழு, அடிபட்ட பெண்ணை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். அவள் ராத்திரி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த வாரக் கூட்டத்துக்கு வரவில்லை, அபராதம். தவணை கட்டவில்லை, குழுவின் தரமதிப்பீடு இறங்கும். அடுத்த கடன் மற்ற பெண்களுக்கும் தள்ளிப்போகும். மூன்றாம் வாரம் ஊக்குநரே போன் போட்டு, “உன் புருஷன் சண்டை உன்னோட. தவணைய கட்டிட்டு எங்க வேணா போம்மா” என்கிறாள். அவளுக்கு அதில் கெட்ட எண்ணம் இல்லை. பத்துப் பன்னிரண்டு பெண்களின் கடன் அவள் தலையில் இருக்கிறது. கடைசியில் அந்தக் கடன் யாருக்காக வாங்கியது என்று பார்த்தால் பெரும்பாலும் கணவனின் வண்டிக்கோ நாத்தனார் கல்யாணத்துக்கோ இருக்கும். அதற்காகவே அவள் திரும்பி அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

தீர்மான நோட்டில் நான்கு வரி சேர்த்தால் இது மாறும். வீட்டில் வன்முறை காரணமாக ஊரைவிட்டுப் போன உறுப்பினருக்கு மூன்று மாதம் கூட்டத்தில் விலக்கு. அந்த மூன்று மாதத் தவணையைக் கூட்டமைப்பின் பொது நிதி தாங்கும், பிறகு அவள் வட்டியில்லாமல் திருப்புவாள். அவள் சேமிப்பை அவளைத் தவிர வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. விலகி வேறு ஊர்க் குழுவில் சேர விரும்பினால் அங்கே மாற்றித் தர வேண்டும். திட்டம் எழுதும் நீங்கள் அந்தப் பொது நிதிக்கு ஒரு சிறு தொகை வைத்தால் போதும். புதுக் கட்டடமும் வேண்டாம், புதுப் பணியிடமும் வேண்டாம்.

6. காகிதம் யார் கையில்?

ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாம் மாமியார் பீரோவில் இருக்கும். கல்யாணம் பதிவு செய்திருக்க மாட்டார்கள். 2009இல் திருமணப் பதிவுச் சட்டம் வந்த பிறகும் கோயிலில் தாலி கட்டிவிட்டு அப்படியே விட்டவர்கள் உண்டு. ஆகவே பிரச்சினை வரும் முன்பே, குழுவில் சேரும் நாளிலேயே, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து அவள் நம்பும் இடத்தில், அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ வைக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை ஒன்றும் சேர்த்து. ஷூ கம்பெனியில் வேலை செய்பவள் என்றால் சம்பளச் சீட்டும் பி.எஃப். எண்ணும். இதை ‘ஆவணப் பாதுகாப்பு’ என்று பெரிய பேர் வைத்துப் பயிற்சி நடத்த வேண்டாம், ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஒரு சாயங்காலமும் இருந்தால் முடிந்தது.

சொத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிவுபடாத குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்தியது. டெல்லி 2005இல்தான் வந்தது. சட்டம் இவ்வளவு முன்னே போயும், கிராமத்தில் விடுதலைப் பத்திரத்தில் தங்கை கையெழுத்து வாங்குவதும் அதற்குப் பதிலாக ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பதும் நின்றபாடில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டு என்று அவளிடம் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

7. காவல் நிலையத்துக்குத் துணை ஆள் அனுப்புங்கள்.

1973இல் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம். 1985இல் பிரேசிலின் சாவோ பாலோவில் ஒன்று. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். இப்போது மாநிலத்தில் இருநூறைத் தாண்டிவிட்டன. பெண்கள் வாசல்படி மிதிக்கிறார்கள் என்பதே பெரிய மாற்றம். ஆனால் மிதித்தவர்களில் பலரை ‘பேசித் தீர்த்து’ அனுப்பிவிடுவதும் அங்கேதான் நடக்கிறது. இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, எழுதி வாங்கி, சேர்த்து வைத்து அனுப்புவார்கள். சில பெண்களுக்கு அதுவே போதும். சிலருக்கு அது அடுத்த அடிக்கு முன்னால் கொடுத்த அவகாசம்.

துணைக்குப் போகும் ஆளுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வரக் கூடாது. சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு, கைது செய்யத் தக்க குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் மணவாழ்க்கைப் பிணக்குகளில் முதலில் விசாரித்துப் பார்க்க அதே தீர்ப்பு இடம் கொடுக்கிறது, அதனால் சத்தம் போட்டுப் பயனில்லை, தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்றாவது, சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது, அவள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போக வேண்டும். இது தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றாலே குரல் இறங்கிவிடும்.

8. கிரிமினல் கேஸ் போடாமலும் பாதுகாப்பு வாங்கலாம்.

‘ஜெயிலுக்கு அனுப்ப வேணாம்க்கா, அடிக்காம இருந்தா போதும்’ என்று சொல்லும் பெண்கள் அதிகம். அவர்களுக்காக வந்ததுதான் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். பாதுகாப்பு அலுவலர் நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவும் இதில் கிடைக்கும், வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி. அறுபது நாள் என்பது நடைமுறையில் நீளும். நீளுகிறது என்பதைப் பதிவு செய்து மாவட்டக் கூட்டத்தில் வைப்பது உங்கள் வேலை.

9. களப்பணியாளரைத் தனியே அனுப்பாதீர்கள்.

ராஜஸ்தான் அரசு 1984இல் யூனிசெஃப் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கிராமத்துக்கு ஒரு ‘சாத்தின்’, தோழி. ஜெய்ப்பூர் அருகே பட்டேரி கிராமத்தின் தோழி பன்வாரி தேவி. குயவர் சாதிப் பெண், சொற்பச் சம்பளம். 1992இல் குழந்தைத் திருமணங்களைத் தடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஊரில் செல்வாக்கான குடும்பம் கைக்குழந்தைக்குக் கல்யாணம் செய்ய முனைந்தபோது அதைத் தடுக்கப் பார்த்தார். போலீஸ் வந்தது, போனது. அவர் அதே ஊரில் இருந்தார். அந்த செப்டம்பரில் கணவர் கண்ணெதிரே கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் கீழ்க்கோர்ட் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எல்லாரையும் விடுவித்தது.

அவருக்காகக் கொதித்த பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான் 1997 ஆகஸ்டில் விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். இன்று ஒவ்வொரு கம்பெனியிலும் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீசுக்குப் பின்னால் இருப்பது ஒரு வளர்ச்சித் திட்டத்தின் கடைநிலைப் பணியாளர். நாட்டுக்கே சட்டம் வந்தது. அவருக்கு நீதி வரவில்லை.

விசாகா பற்றி வகுப்பெடுப்பவர்கள் நிறையப் பேர். அந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் எதை எழுதாமல் விட்டார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. வலுத்தவனை எதிர்க்கும் வேலையைக் கொடுத்தால், அதைச் செய்த மறுநாள் அந்தப் பெண் எங்கே தூங்குவாள் என்று எழுத வேண்டும். குழந்தைத் திருமணத் தகவலை 1098 உதவி எண்ணுக்குச் சொன்னது யார் என்று ஊருக்குத் தெரியாமல் இருக்க என்ன ஏற்பாடு? மிரட்டல் வந்தால் முதல் அழைப்பு யாருக்கு? வழக்கு வந்தால் நிறுவனமே வக்கீல் வைக்குமா, இல்லை ‘அது அவங்க சொந்த விஷயம்’ என்று விலகுமா? இதற்குப் பதில் எழுதாத திட்டத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டாம்.

10. தோல் பட்டறையும் வீட்டுத் திண்ணையும்.

ஆம்பூர்ப் பக்கம் போனால் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்பார்கள், ஊசியால் கையில் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காலையில் ஏஜெண்ட் மூட்டையைப் போடுவார், சாயங்காலம் எடுப்பார். ஒரு ஜோடிக்குச் சில ரூபாய். அந்த ஷூ ஐரோப்பாவில் என்ன விலைக்குப் போகிறது என்று தைத்தவளுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், முதலாளி யார் என்றே தெரியாது. கூலி பாக்கி நின்றால் யார் மேல் மனு கொடுப்பாள்?

இங்கே நீதி, கோர்ட்டில் தொடங்குவதில்லை, அடையாளத்தில் தொடங்குகிறது. காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கு மாநிலத்தில் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்தால் ‘இவள் தொழிலாளி’ என்று சொல்ல ஒரு அட்டை கிடைக்கும். மூட்டை வந்த தேதி, ஜோடி எண்ணிக்கை, கொடுத்த காசு மூன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதப் பழக்குங்கள், ஏஜெண்ட் கையெழுத்தோடு. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையில் பாலியல் தொந்தரவு என்றால் உள்ளகக் குழு இருக்காது; மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் புகார் போக வேண்டும், மூன்று மாதத்துக்குள். அந்தக் குழுவின் தலைவர் யார் என்று கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவும் உங்கள் தூரக் கணக்குத் தாளில் சேரட்டும்.

பெரிய கம்பெனிகளுக்குத் திண்டுக்கல் ஒரு பாடம். அங்கே ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெண்களே நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் அந்த நிறுவனத்தோடும் பன்னாட்டு பிராண்டுகளோடும் ஒப்பந்தம் போட வைத்தது. லைனில் வேலை செய்யும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தொந்தரவைக் கண்டதும் சொல்ல வைப்பதும், சொன்னவளைப் பழிவாங்கினால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதன் உயிர்நாடி. தோல் தொழிலுக்கும் இப்படி ஒன்று வந்தால் என்ன என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன். ‘பார்க்கலாம்’ என்கிறார்கள்.

11. ஜமாத்தையும் ஊர்ப் பஞ்சாயத்தையும் சுற்றிக்கொண்டு போக முடியாது.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியில் பெண்ணின் வழக்கு முதலில் போவது ஜமாத்துக்கு. மற்ற ஊர்களில் மாரியம்மன் கோயில் முன்னால் உட்காரும் பெரியவர்களுக்கு. அங்கே பெண்ணுக்குப் பதில் அவள் அண்ணன் பேசுவான். புதுக்கோட்டை ஷரீஃபா கானம் இதைக் கேள்வி கேட்டு, பெண்களே அமர்ந்து விசாரிக்கும் பெண்கள் ஜமாத்தை இருபது வருடத்துக்கு முன்பே தொடங்கினார். எதிர்ப்பு பலமாக இருந்தது, இருக்கிறது. உங்களால் அவ்வளவு முடியாவிட்டாலும், பேச்சுவார்த்தையில் அந்தப் பெண் தானே உட்கார வேண்டும், எழுதுவதன் நகல் அவளுக்கும் வேண்டும் என்ற இரண்டு கோரிக்கையோடு பெரியவர்களைப் பாருங்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் மற்றவர்களைப் போலவே ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருப்பதை மெதுவாக எடுத்து வையுங்கள். நியாயம் தெரிந்த முத்தவல்லிகளும் இருக்கிறார்கள்.

12. தக்கான் குளத்துக்கும் போய் வாருங்கள்.

சோளிங்கரின் பெரிய மலையில் யோக நரசிம்மர், சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். மனம் கலங்கியவர்களையும் ‘காத்து பிடித்தவர்கள்’ என்று சொல்லப்படுபவர்களையும் கொண்டபாளையத்துத் தக்கான் குளத்தில் முழுக வைத்து அனுமாரிடம் அழைத்துப் போவது இங்கே பழைய வழக்கம். கார்த்திகை ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். ஈரப்புடவையோடு தலைவிரித்து ஆடும் பெண்களின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று, கூட வந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள். “கட்டிக் குடுத்த எடத்துல இருந்து இப்டித்தாம்மா” என்பார்கள் சிலர். மேலே கேட்டால் வீட்டுக் கதை வரும்.

சாமியைக் குறை சொல்லப் போகாதீர்கள். போனால் கதவு மூடிக்கொள்ளும். ஏர்வாடியில் 2001இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்ட பிறகு, தர்காவிலேயே துவாவோடு மருத்துவமும் கொடுக்கும் ஏற்பாடு பின்னாளில் வந்தது. அதே போல இங்கேயும் கார்த்திகை ஞாயிறுகளில் மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரும் 181 மகளிர் உதவி எண் பற்றித் தெரிந்த ஒரு ஆலோசகரும் குளக்கரையில் ஒரு மேசை போடலாம். காவல் நிலையத்துக்கு வராத பெண்கள் இங்கே வருகிறார்கள்.

13. எதை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள்.

புகார் எண்ணிக்கை கூடினால் மாவட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று அதிகாரிகள் பதறுவார்கள். திட்டத்தின் முதல் இரண்டு வருடத்தில் புகார் கூடத்தான் வேண்டும் என்று அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு யாரும் உங்களைக் கேட்க முடியாது. ஐ.நா.வின் சீடா குழு 2015இல் பெண்களின் நீதி அணுகல் பற்றிய 33ஆவது பொதுப் பரிந்துரையில் ஆறு அம்சங்களைச் சொன்னது. நம் திட்டங்கள் வழக்கமாக ‘அமைப்பு இருக்கிறதா, போய்ச் சேர முடிகிறதா’ என்பதோடு நின்றுவிடும். கடைசி இரண்டு அம்சங்கள் நிவாரணமும் பொறுப்புக்கூறலும். அங்கேதான் எண்ண வேண்டும்: மனு கொடுத்த நாளிலிருந்து முதல் இடைக்கால உத்தரவுக்கு எத்தனை நாள், உத்தரவான ஜீவனாம்சத்தில் கைக்கு வந்தது எவ்வளவு.

இந்த இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. ஜீவனாம்ச உத்தரவு வந்ததும் திட்ட ஏடுகளில் ‘வெற்றி’ என்று முடித்துவிடுகிறார்கள். கணவன் இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்துவான். பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். இது தெரியாமல் மூன்று வருடம் பொறுத்திருந்து வரும் பெண்கள் இருக்கிறார்கள். ஆகவே உத்தரவான வழக்குகளுக்குத் தனி நோட்டுப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘பணம் வருதாம்மா?’ என்று கேளுங்கள். போன் கணவன் கையிலோ மகன் கையிலோ இருக்கலாம், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

காலத்தைப் பற்றியும் பொய் சொல்லாதீர்கள். 1992 ஜூனில் தருமபுரி வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் மலைவாழ் மக்கள் மேல் செய்த கொடுமைக்கு 2011இல் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். 269 பேர் மேல் குற்றச்சாட்டு, அதில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். அந்த மலைவாழ் பெண்கள் அத்தனை வருடம் நின்றது, கூடவே நின்ற சங்கமும் கட்சியும் வக்கீல்களும் இருந்ததால். மூன்று வருடத் திட்டம் எதுவும் அவர்களை அங்கே கொண்டு சேர்த்திருக்காது.

14. திட்டம் முடியும் நாளை முதலிலேயே குறியுங்கள்.

‘மகிளா சமாக்கியா’ என்ற மத்திய அரசுத் திட்டத்திலிருந்துதான் 1990களில் குஜராத்தில் ‘நாரி அதாலத்’கள் வந்தன. மரத்தடியில் கிராமத்துப் பெண்கள் உட்கார்ந்து, வீட்டுக்கே போய் விசாரித்து, நகையையும் பாத்திரத்தையும் மீட்டுக் கொடுத்தார்கள். நன்றாகவே நடந்தது. 2016இல் மத்திய அரசு அந்தத் திட்டத்துக்குக் கொடுத்த நிதியை நிறுத்தியது. பல இடங்களில் சங்கங்களைத் தாமாக நடத்த முயன்றார்கள்; எல்லா இடத்திலும் முடியவில்லை.

உங்கள் திட்டமும் முடியும். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, நடப்பிலிருக்கும் ஒவ்வொரு வழக்கும் யார் கைக்குப் போகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: சட்டப்பணிகள் குழு வக்கீலா, பாதுகாப்பு அலுவலரா, ஊராட்சிக் கூட்டமைப்பின் சட்டத் தன்னார்வலரா. கட்டு முழுவதன் நகலை அந்தப் பெண்ணிடமே கொடுங்கள். புதிதாகப் பொறுப்பேற்பவரின் பெயரும் எண்ணும் அவளிடம் இருக்கட்டும். ஒரு வாய்தாவுக்காவது பழைய ஆளும் புது ஆளும் சேர்ந்தே அவளோடு போகட்டும். அந்த நாளின் கூலியையும் பட்ஜெட்டில் மறக்காமல் எழுதுங்கள்.